புதுப் பட விமர்சனம்: தியேட்டருக்கும் வீட்டுத் திரைக்கும் எழுதும்போது அடிக்கடி வரும் கேள்விகள்

பல வருடங்களாகப் புதுப் படங்களைப் பார்த்து எழுதுகிறேன். சில படங்களை வெளியான அன்றே தியேட்டரில், சிலவற்றை நேராக ஓடிடியில், சிலவற்றை இரண்டு இடத்திலும். படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. சில பதில் நீளம், சில பதில் இரண்டே வரி. கேள்வி அப்படி.

நீங்கள் எழுதுவது யாருக்கு? தியேட்டருக்குப் போகிறவருக்கா, வீட்டில் பார்க்கிறவருக்கா?

இரண்டு பேருக்கும்தான். ஆனால் இருவருக்கும் ஒரே பதில் போதாது. தியேட்டருக்குப் போகிறவர் காசு, பயணம், ஒரு மாலைப் பொழுது எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார், நடுவில் எழுந்து வந்தாலும் அது திரும்பி வராது. வீட்டில் இருப்பவருக்குப் பத்தாவது நிமிடத்திலேயே வேறு படத்துக்குத் தாவிவிட வழி இருக்கிறது. அதனால் முன்னவர் கேட்பது "கிளம்பலாமா?" என்று, பின்னவர் கேட்பது "முதல் அரை மணி நேரம் பொறுத்தால் பிறகு நன்றாக இருக்குமா?" என்று. என் விமர்சனத்தில் முதல் பத்தியிலேயே எங்கே, எந்த மாதிரி திரையில், எந்த மொழியில் பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன். அதைச் சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 1896-இல், சினிமா பிறந்த புதிதில், அதன் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியேர் சகோதரர்களின் படங்களைப் பார்த்துவிட்டு மாக்சிம் கார்க்கி ஒரு செய்தித்தாளில் எழுதினார். சத்தம் இல்லை, நிறம் இல்லை, மனிதர்கள், மரங்கள், வானம் எல்லாமே சாம்பல் நிறம், அது தன்னை என்ன செய்தது என்றுதான் அந்தக் கட்டுரை முழுக்கச் சொல்கிறார். திரையில் என்ன ஓடியது என்பதோடு அதன் எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினார். அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் அதைப் படிக்க முடிகிறது.

தியேட்டரில் பிரமாதமாக இருந்த படம் வீட்டில் பார்த்தால் ஏன் சப்பென்று இருக்கிறது?

திரையின் அளவு ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. தியேட்டரில் படத்தை நிறுத்த முடியாது, இது பெரிய விஷயம். மெதுவாக நகரும் படம் நம்மிடம் கேட்பது பொறுமை. இருட்டில், வேறு எதுவும் செய்ய வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பொறுமை தானாக வருகிறது. கதாநாயகி ஜன்னல் பக்கம் நின்று ஒரு நிமிடம் ஒன்றுமே பேசாமல் இருந்தால், தியேட்டரில் அவள் முகத்தைப் படிக்க ஆரம்பிக்கிறோம். வீட்டில் அந்த ஒரு நிமிடத்தில் கை போனைத் தேடுகிறது, நிமிர்ந்து பார்க்கும்போது காட்சி மாறியிருக்கிறது, பிறகு "படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறோம். நடந்தது, நாம்தான் பார்க்கவில்லை.

நகைச்சுவைக்குக் கதை வேறு. நிறைந்த அரங்கில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும். ஒரு நகைச்சுவைப் படத்தை முதல் நாள் கூட்டத்தோடு பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று எழுதினேன். மாதங்கள் கழித்து வீட்டில் தனியாகப் பார்த்தபோது பாதி வசனத்துக்குப் புன்னகைகூட வரவில்லை. என் விமர்சனத்தை நம்பி வீட்டில் பார்த்தவர்களுக்கு நான் சொன்னது பொருந்தியிருக்காது, அது எனக்கு வருத்தம்தான். அதிலிருந்து, சிரித்தது அரங்கமா நானா என்று பிரித்து எழுதுகிறேன்.

நேர்மாறாக வீட்டில் நன்றாக வளரும் படங்களும் உண்டு. இரண்டு பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசுவதே படம் என்றால் அது சின்னத் திரைக்கு நெருக்கமாக வருகிறது. சிக்கலான துப்பறியும் கதை என்றால் பின்னால் ஓட்டி ஒரு வசனத்தை மறுபடி கேட்டுக்கொள்ளலாம். தியேட்டர்தான் எப்போதும் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் படத்துக்கு எது என்று சொல்வதுதான் என் வேலை.

வசனமே கேட்பதில்லை, சண்டைக் காட்சி வந்தால் வீடே அதிர்கிறது. படத்தின் தப்பா, டிவியின் தப்பா?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

தியேட்டருக்கான ஒலிக்கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து, அதாவது திரைக்குப் பின்னாலிருந்து நேராக வருகிறது. அதற்கென்றே தனி ஸ்பீக்கர். அப்புறம் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே பெரிய இடைவெளி வைத்துக் கலவை செய்வார்கள், ஏனென்றால் அரங்கம் அமைதியாக இருக்கும், ஸ்பீக்கர்கள் பெரியவை, சத்தத்தின் அளவு அளந்து வைக்கப்பட்டிருக்கும். அதே கலவை ஒல்லியான டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களுக்குள் நுழையும்போது வசனம், இசை, வெடிச்சத்தம் எல்லாம் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன. பல டிவிக்களில் அந்த ஸ்பீக்கர்கள் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி இருக்கின்றன. வீட்டில் மின்விசிறி, தெருச் சத்தம் வேறு.

செய்ய வேண்டியது: ஆடியோ மெனுவில் 5.1 (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி) தேர்வாகியிருந்து உங்களிடம் டிவி ஸ்பீக்கர் மட்டுமே இருந்தால் ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) மாற்றிப் பாருங்கள். டிவியில் உரத்த சத்தத்தை அடக்கும் நைட் மோட், வசனத்தைத் தூக்கிக் காட்டும் மோட் என்று ஏதாவது இருந்தால் போடுங்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

இதெல்லாம் செய்த பிறகும் கேட்கவில்லை என்றால் அது படத்தின் தப்பு. நடிகர்கள் முணுமுணுப்பதையும் பின்னணி இசை வசனத்தின் மேல் ஏறி உட்காருவதையும் இயல்புத்தன்மை என்ற பெயரில் மன்னிக்க நான் தயாராக இல்லை. நல்ல அரங்கில் உட்கார்ந்தும் வசனம் புரியவில்லை என்றால் அதை வெளிப்படையாக எழுதிவிடுவேன்.

இருட்டுக் காட்சியில் எதுவுமே தெரியவில்லையே?

தியேட்டர் திரை உண்மையில் அவ்வளவு பிரகாசம் கிடையாது. டிஜிட்டல் சினிமாவுக்கான நியமப்படி வெள்ளையின் உச்ச ஒளியே 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு), உங்கள் டிவி அதைவிடப் பல மடங்கு ஒளிரும். ஆனால் அரங்கம் முழுக்க இருட்டு, கண் அதற்குப் பழகிவிடுகிறது, அதனால் கறுப்புக்குள் இருக்கும் சாம்பல்கூடத் தெரிகிறது. பகலில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் அதே காட்சியைப் பார்த்தால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும்.

இன்னொன்று, வந்து சேரும் தகவலின் அளவு. தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் நொடிக்கு 250 மெகாபிட் வரை இருக்கலாம். 4கே ப்ளூரே டிஸ்க்கில் 128 வரை. ஓடிடியில் 4கே பார்க்க 15 மெகாபிட் இணையம் இருந்தால் போதும் என்கிறார்கள், இணையம் திணறினால் அதுவும் இறங்கும். அந்தச் சுருக்கலில் முதலில் அடிபடுவது இருட்டும் புகையும் மூட்டமும்தான். வானம் பட்டை பட்டையாகத் தெரிவதும், நிழல் கட்டம் கட்டமாக உடைவதும் அதனால்தான். இதை ஒளிப்பதிவாளர் தலையில் கட்டாதீர்கள். நானும் ஓடிடியில் மட்டும் பார்த்த படத்தின் ஒளிப்பதிவைத் திட்டுவதற்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு, வேகமான இணையத்தில் அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன்.

தியேட்டரிலும் கோளாறு வரும். பழைய ப்ரொஜெக்டர் விளக்கு மங்கிப் போயிருக்கலாம். 3டி படம் என்றால் கண்ணாடியே வெளிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். படம் மங்கல் என்று எழுதுவதற்கு முன் அரங்கம் மங்கலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது டிவியில் படம் பார்த்தால் சீரியல் மாதிரி இருக்கிறது. ஏன்?

சினிமா நொடிக்கு 24 பிரேம். புது டிவிக்கள் 60 அல்லது 120 முறை திரையைப் புதுப்பிக்கின்றன, நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப டிவியே இல்லாத பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட் பார்க்க அது சௌகரியம். சினிமாவுக்கு அது கேடு, நடிப்பே செயற்கையாகத் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, பெரும்பாலும் "மோஷன்" என்ற சொல் அதில் இருக்கும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த வருடம் இந்தச் செருகலை அணைத்துவிட்டுப் படத்தை எடுத்தபடியே காட்டும் "ஃபிலிம்மேக்கர் மோட்" என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது, உங்கள் டிவியில் அது இருந்தால் அதைப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே, படம் வெட்டுப்பட்டிருக்கிறதா?

இல்லை, வெட்டாமல் காட்டுவதால்தான் பட்டை வருகிறது. அகலப் படங்கள் அகலத்துக்கும் உயரத்துக்கும் 2.39:1 என்ற விகிதத்தில் எடுக்கப்படுகின்றன, டிவி 16:9. முழு அகலத்தையும் காட்ட வேண்டும் என்றால் டிவி உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி காலியாகத்தான் இருக்கும். ஜூம் பட்டனை அழுத்தி நிரப்பினால் ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் காணாமல் போவார்கள், சில நேரம் அந்தக் காட்சியே அந்த ஓரத்து மனிதரைப் பற்றியதாக இருக்கும்.

எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும்?

திரை நம் பார்வையில் ஏறக்குறைய 30 டிகிரியாவது நிறைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 55 அங்குல டிவிக்கு அது ஏழரை அடி தூரம். நிறைய பேர் இதைவிட மிகத் தள்ளி உட்கார்ந்துவிட்டு "படத்தில் பிரம்மாண்டம் இல்லை" என்கிறார்கள். டிவியை மாற்றும் முன் நாற்காலியை நகர்த்துங்கள்.

படம் வெளியாகும் முன்பே விமர்சனம் எப்படி வருகிறது? அதை நம்பலாமா?

பத்திரிகையாளர் காட்சி என்று முன்கூட்டியே போடுவார்கள், அல்லது பெயர் பொறித்த இணைய இணைப்பை அனுப்புவார்கள். கூடவே இன்ன நாள், இன்ன நேரம் வரை எழுதக் கூடாது என்ற கட்டுப்பாடும் வரும். அதனால்தான் ஒரே நிமிடத்தில் நாற்பது விமர்சனங்கள் கொட்டுகின்றன. அந்த நேரத்தைக் கவனியுங்கள். படம் வர இரண்டு நாள் இருக்கும்போதே எழுத அனுமதி கொடுத்தால் தயாரிப்பாளருக்கு நம்பிக்கை இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். முன்காட்சியே இல்லை என்றால் சந்தேகப்படலாம், ஆனால் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள், ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காகவும் சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

நம்பலாமா என்றால், விமர்சகர் அவசரத்தில் எழுதியதா, யோசித்து எழுதியதா என்று இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். படத்தில் ஒரு குறிப்பிட்ட காட்சியைப் பற்றிக்கூட உறுதியாக எதுவும் சொல்லாமல் "செம", "மொக்கை", "வேற லெவல்" என்று மட்டும் போனால் அவர் என்ன பார்த்தார் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

ராட்டன் டொமேட்டோஸில் 90 சதவீதம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க்தானே?

கிடையாது. ராட்டன் டொமேட்டோஸ் பல விமர்சகர்களின் கருத்தைத் திரட்டித் தரும் இணையதளம். இதைப் புரிந்துகொண்டால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம். அந்த சதவீதம், எத்தனை விமர்சகர்கள் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்ற கோட்டைத் தாண்டினார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. பத்து பேர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் பத்துக்கு ஆறு கொடுத்தால் அந்தப் படம் 100 சதவீதம் ஆகிவிடும். ஐந்து பேர் உயிரைக் கொடுத்து நேசித்து ஐந்து பேர் அறவே வெறுத்த படம் 50-இல் நிற்கும். நான் பெரும்பாலும் அந்த 50 சதவீதப் படங்களைத்தான் தேடிப் பார்க்கிறேன், அவற்றில்தான் யாரோ எதையோ துணிந்து முயன்றிருப்பார்கள்.

அதே மாதிரி திரட்டும் இன்னொரு தளமான மெட்டாக்ரிட்டிக் வேறு மாதிரி, அங்கே மதிப்பெண்களின் சராசரி, அதுவும் சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒன்று, படம் வெளியாகும் இரவில் அரங்குக்கு வந்தவர்களிடமே கேட்டு ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறார்கள். முதல் நாள் வருகிறவர்கள் ஏற்கெனவே ஆசையோடு வந்தவர்கள், அதனால் அங்கே சி வாங்குவதே மோசமான செய்தி. மூன்று மதிப்பீடுகளும் மூன்று வேறு கேள்விக்கான பதில்கள்.

அப்படியானால் நீங்கள் ஏன் நட்சத்திரம் போடுகிறீர்கள்?

அவசரத்தில் இருப்பவருக்கு அது ஓர் உதவி. ஆனால் என் மூன்றரை நட்சத்திரத்துக்கு அந்த வகைக்குள்தான் அர்த்தம். ஒரு பேய்ப் படத்துக்கு நான்கும் ஒரு குடும்பக் கதைக்கு மூன்றும் கொடுத்தால், பேய்ப் படம் உயர்ந்தது என்று பொருள் இல்லை, பேய்ப் படம் தேடுகிறவருக்கு அது நன்றாக வேலை செய்யும் என்று பொருள். 1975-இல் சினிமா விமர்சனத்துக்காக முதன்முதலில் புலிட்சர் பரிசு வாங்கிய ராஜர் ஈபர்ட்டும் தன் நட்சத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் அந்தந்த வகைக்குள் வைத்துத்தான் பார்க்கச் சொன்னார்.

கதையைச் சொல்லாமல் எப்படி விமர்சனம் எழுதுவது? ஸ்பாய்லர் எங்கே ஆரம்பிக்கிறது?

டிரெய்லரில் வந்தது எல்லாம் பொதுச் சொத்து என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதுகூட ஒப்புக்கொள்வதில்லை, பல டிரெய்லர்கள் கிளைமாக்ஸையே காட்டிவிடுகின்றன. என் கணக்கு இது: படத்தின் முதல் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் நிலைநாட்டப்படும் சூழ்நிலையைச் சொல்லலாம், அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லக் கூடாது. "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது" என்பதே ஸ்பாய்லர்தான், அதைப் படித்தவர் படம் முழுக்க அதையே தேடிக்கொண்டிருப்பார்.

கதையை எடுத்துவிட்டால் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: எல்லாமே இருக்கிறது. கேமரா ஏன் அந்தக் கிழவரின் கைகளையே காட்டிக்கொண்டிருக்கிறது, இசை எந்த இடத்தில் நின்றுபோகிறது, இரண்டு மணி நேரப் படத்தில் எந்த இருபது நிமிடம் தேவையில்லை, வில்லன் பேசுவதை நம்ப முடிகிறதா. கதைச் சுருக்கம் எங்கேயும் கிடைக்கும், இது கிடைக்காது.

டப்பிங்கா, சப்டைட்டிலா?

எனக்கு சப்டைட்டில். நடிகரின் குரல் அவர் நடிப்பில் பாதி. ஆனால் கண் பார்வை குறைந்தவர்கள், வேகமாகப் படிக்க முடியாதவர்கள், சின்னப் பிள்ளைகள் இவர்களுக்கு நல்ல டப்பிங் ஒரு வாசல், அதை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. டப்பிங்கில் பார்த்தால் டப்பிங்கைத்தான் விமர்சிக்க வேண்டும். உதடு ஒட்டுகிறதா என்பதைவிட, பேசுகிற மொழி மனிதர்கள் பேசும் மொழியாக இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று ஏன் தனியாக எழுதுகிறீர்கள்? சான்றிதழ் இருக்கிறதே?

சான்றிதழ் வயதைச் சொல்லும், காரணத்தை முழுதாகச் சொல்லாது. ஒரு பிள்ளைக்கு ரத்தம் பிரச்சினை இல்லை, நாய் செத்துப்போனால் மூன்று நாள் தூக்கம் வராது. அதனால் என்ன வருகிறது என்று நேராக எழுதிவிடுகிறேன்.

மின்னும் ஒளியைப் பற்றியும் கட்டாயம் எழுதுவேன். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் வந்த சிவப்பு நீல மின்னல்களால் 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி ஆபத்தாகலாம். "நாற்பதாவது நிமிடத்தில் கிளப் காட்சி, பளிச்சிடும் விளக்குகள்" என்று ஒரு வரி எழுத எனக்குப் பத்து வினாடி ஆகிறது.

இலவச டிக்கெட் வாங்கிக்கொண்டு நேர்மையாக எழுத முடியுமா?

முடியும், வாங்கியதைச் சொல்லிவிட்டால். பணம் வாங்கிக்கொண்டு எழுதுவது விமர்சனம் இல்லை, விளம்பரம். 2001-இல் ஒரு ஹாலிவுட் நிறுவனம் இல்லாத ஒரு விமர்சகரையே உருவாக்கி, அவர் பெயரில் தன் படங்களைப் புகழ்ந்து விளம்பரம் கொடுத்தது அம்பலமானது. இன்று அந்த வேலைக்குப் போலிக் கணக்குகள் போதும். முதல் நாள் காலையில் ஒரே சொற்களில், ஒரே மாதிரி பொங்கி வரும் நூறு பாராட்டுகளைப் பார்த்தால் மாலை வரை காத்திருங்கள்.

படம் மோசம் என்றால் எப்படி எழுதுகிறீர்கள்?

கஷ்டப்பட்டுத்தான். நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு என்பதை மறக்கவில்லை, ஆனால் படிப்பவரின் நேரமும் உழைப்பில் சம்பாதித்ததுதான். நடிகரின் உடம்பையோ முகத்தையோ கேலி செய்வதில்லை. எது தவறியது, எந்தக் காட்சியில் என்று காரணத்தோடு எழுதுவேன். ஒரு மோசமான படத்திலும் இரண்டு காட்சியில் வந்துபோகும் துணை நடிகர் உயிரோடு இருப்பார், அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவேன். அதற்காகவே கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். ஓடிடியில் அதைச் சுருக்கி மூலைக்குத் தள்ளி அடுத்த படத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள், அது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

பிறகு மனம் மாறினால்?

மாற்றி எழுதுவேன், பழையதை அழிக்க மாட்டேன். பாலின் கேல் ஒரு படத்தை ஒரே முறைதான் பார்ப்பேன் என்று சொல்லிவந்த விமர்சகர், முதல் பார்வையின் சூட்டை அவர் நம்பினார். எனக்கு அந்தத் துணிச்சல் வராது. தியேட்டரில் பார்த்தது ஓடிடிக்கு வரும்போது முக்கியமான படங்களை மறுபடி பார்த்து, பழைய விமர்சனத்தின் கீழே தேதி போட்டு நாலு வரி சேர்க்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்தப் படத்துக்குத் தியேட்டர், எதற்குக் காத்திருக்கலாம்?

ஒலியும் அமைதியும் கதையின் பாகமாக இருக்கும் படம், அகலமான நிலப்பரப்பு, பேய்ப் படம், கூட்டத்தோடு சிரிக்க வேண்டிய படம், அப்புறம் மிக மெதுவான படம், இவையெல்லாம் தியேட்டர். இதில் கடைசியைத்தான் பலர் நம்ப மாட்டார்கள். மெதுவான படம்தானே, வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கிறார்கள், வீட்டில் அதை யாரும் முடிப்பதில்லை. வசனம் அடர்ந்த படம், தகவல் நிறைந்த ஆவணப்படம், ஏற்கெனவே பார்த்த கதையின் மூன்றாம் பாகம் இவை காத்திருக்கும்.

நானும் எழுத ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. படம் முடிந்த அன்றிரவே, வேறு எவர் எழுதியதையும் படிப்பதற்கு முன்னால், நினைவில் நிற்கும் மூன்று காட்சிகளை எழுதி வையுங்கள். மறுநாள் காலையில் அவை ஏன் நின்றன என்று எழுதுங்கள். இருட்டில் போனை எடுத்துக் குறிப்பெடுக்காதீர்கள், பின்வரிசைக்காரர் கண்ணில் அடிக்கும். சின்ன நோட்டும் பென்சிலும் போதும், கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும், வெளியே வந்து உடனே வாசித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.